மெட்ஸ் வாங்கின ஆளுங்களும், இன்னும் வாங்காத இன்னிங்ஸும்

[திரையில்: 2025 செப்டம்பர் 28, மயாமி. ஸ்கோர்போர்டு: மார்லின்ஸ் 4, மெட்ஸ் 0]

அமெரிக்க பேஸ்பால் சீசனோட கடைசி நாள். நியூயார்க் மெட்ஸ் இந்த ஒரு மேட்ச் ஜெயிச்சா போதும், பிளேஆஃப் உறுதி. ஏன்னா போட்டியில இருந்த சின்சினாட்டி ரெட்ஸ் அன்னிக்கு மில்வாக்கிகிட்ட தோத்துட்டாங்க. லட்டு மாதிரி வாய்ப்பு. மெட்ஸ் ஒரு ரன் கூட எடுக்கல. ரெண்டு டீமும் 83 வெற்றி, 79 தோல்வின்னு சமமா முடிச்சாங்க. நேருக்கு நேர் ஆடினதுல ரெட்ஸ் அதிகம் ஜெயிச்சிருந்ததால அவங்க உள்ள, மெட்ஸ் வெளிய.

இதே டீம் ஜூன் 12 ராத்திரி 45 வெற்றி, 24 தோல்வி. மேஜர் லீக் 30 டீம்லயும் அவங்கதான் முதலிடம். அதுக்கப்புறம் 38 வெற்றி, 55 தோல்வி. சம்பளத்துக்கு மட்டும் 30 கோடி டாலருக்கு மேல கொட்டுன டீம் இது.

உடனே எல்லாரும் யாரைக் கை காட்டினாங்க? ஹுவான் சோட்டோவை. 15 வருஷம், 76.5 கோடி டாலர்னா எவன் கண்ணும் அங்கதான் போகும். ஆனா அவர் 43 ஹோம் ரன், அதாவது வேலி தாண்டுற அடி, அடிச்சாரு. பிட்சர் அசந்த நேரத்துல ஓடி 38 பேஸ் திருடினாரு. அந்த மனுஷன் வாங்கின காசுக்கு வேலை செஞ்சாரு. மெட்ஸ் விழுந்தது பேட்டிங்ல இல்ல, பிட்சிங்ல, அதாவது பந்து வீச்சுல. இன்னும் சரியா சொன்னா, ஆறாவது இன்னிங்ஸ்ல.

[திரையில்: 162 × 9 = 1,458]

பேஸ்பால் புதுசா பார்க்கிறவங்களுக்காக ஒரு சின்ன கணக்கு. ஒரு சீசனுக்கு 162 மேட்ச், மேட்சுக்கு ஒன்பது இன்னிங்ஸ். மொத்தம் 1,458 இன்னிங்ஸ் யாராவது பந்து போட்டே ஆகணும். டி20ல ஒரு பௌலருக்கு நாலு ஓவர்தான்னு விதியே இருக்கு. இங்க அப்படி விதி கிடையாது, தோள்பட்டையும் முழங்கையும்தான் வரம்பு. அதனால ஆட்டத்தைத் தொடங்குற ஸ்டார்ட்டர் அஞ்சு அல்லது ஆறு பேர், நாள் வச்சு மாறி மாறி வருவாங்க. அவங்க களைச்சதும் புல்பென்ல, அதாவது மாற்று பிட்சர்கள் காத்திருக்கிற இடத்துல இருந்து, ரிலீவர்கள் வருவாங்க. கடைசி இன்னிங்ஸைப் பூட்டுறவர் க்ளோசர்.

இப்போ ஸ்டார்ட்டர் சராசரியா ஆறு இன்னிங்ஸ் போடாம அஞ்சோட இறங்கிட்டாருன்னு வைங்க. மேட்சுக்கு ஒரு இன்னிங்ஸ்தானே, என்ன பெருசுன்னு தோணும். 162 மேட்சுக்கு 162 இன்னிங்ஸ். 2025ல கிளே ஹோம்ஸ் ஒரு முழு வருஷம் உழைச்சுப் போட்டதே 165 இன்னிங்ஸ் சொச்சம்தான். அதாவது, இல்லாத ஒரு பிட்சரோட ஒரு வருஷ வேலையை, ஏற்கெனவே ஓடிக் களைச்சிருக்கிற ரிலீவர்கள் தலையில கட்டுறீங்க.

மெட்ஸுக்கு அதேதான் நடந்தது. ஜூன் 7க்கு அப்புறம் ஆகஸ்ட் மூணாவது வாரம் வரைக்கும், டேவிட் பீட்டர்சனைத் தவிர வேற எந்த மெட்ஸ் ஸ்டார்ட்டரும் ஆறு இன்னிங்ஸை முடிக்கல. ஒருத்தர் கூட இல்ல! டீம்ல ஒரு நேரத்துக்கு 13 பிட்சர்தான் இருக்கலாம். அதனால தினமும் யாரையாவது சிராக்யூஸுக்கு, அதாவது மைனர் லீக் டீமுக்கு அனுப்பி, புதுக் கையைக் கூப்பிட வேண்டியதாச்சு. அந்த வருஷம் மெட்ஸுக்காகப் பந்து போட்டவங்க 40 பேரைத் தாண்டும்.

பீட்டர்சனும் என்னதான் பண்ணுவாரு? ஜூலைல சிறந்த ஆட்டக்காரங்க ஆடுற ஆல் ஸ்டார் மேட்சுக்குத் தேர்வு, செப்டம்பர்ல கை தளர்ந்துட்டாரு.

[திரையில்: 2024–25 குளிர்காலம், மெட்ஸ் எடுத்த ஸ்டார்ட்டர்கள்]

வேர் எங்கன்னு பார்த்தா, அதுக்கு முந்தின குளிர்காலம். டேவிட் ஸ்டெர்ன்ஸ், மெட்ஸோட பேஸ்பால் நிர்வாகத் தலைவர். கெட்டிக்காரர், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா பிட்சர் விஷயத்துல அவருக்கு ஒரு பழக்கம்: நீண்ட ஒப்பந்தம்னா பயம். ஃபிராங்கி மோன்டாஸுக்கு ரெண்டு வருஷம், 3.4 கோடி டாலர். கிரிஃபின் கேனிங்குக்கு ஒரு வருஷம், 42.5 லட்சம். ஷான் மனாயாவுக்கு மூணு வருஷம், 7.5 கோடி. யாங்கீஸ்ல க்ளோசரா இருந்த ஹோம்ஸை மூணு வருஷம், 3.8 கோடிக்கு எடுத்து ஸ்டார்ட்டரா மாத்தினாங்க.

ஹோம்ஸ் விஷயத்துல ஜாக்பாட். மத்தவங்க? மோன்டாஸுக்கும் மனாயாவுக்கும் சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே காயம். மோன்டாஸ் ஜூன் கடைசியிலதான் வந்தாரு, அடி வாங்கினாரு, முழங்கைத் தசைநார் போய் ஆபரேஷன். மனாயா ஜூலைல வந்தாரு, பழைய மனாயா இல்ல. கேனிங் நல்லாத்தான் போட்டுக்கிட்டிருந்தாரு. ஜூன் 26 அன்னிக்கு மைதானத்துலயே குதிகால் தசைநார் அறுந்து விழுந்தாரு.

பணம் இல்லாம இப்படிப் பண்ணலங்கிறதும் உண்மை. 2023 டிசம்பர்ல யோஷினோபு யமமோட்டோவுக்கு மெட்ஸ் முதலாளி ஸ்டீவ் கோஹன் 12 வருஷம், 32.5 கோடி டாலர் நீட்டினாரு. அதே தொகைக்கு யமமோட்டோ டாட்ஜர்ஸைத் தேர்ந்தெடுத்தாரு. 2025 வேர்ல்ட் சீரிஸ்ல, அதாவது இறுதித் தொடர்ல, மூணு மேட்ச் ஜெயிச்சுக் கொடுத்து சிறந்த ஆட்டக்காரருக்கான எம்.வி.பி. விருது வாங்கினதும் அவர்தான். மெட்ஸ் ரசிகனா அதைப் பார்க்கிறப்போ வயிறு எரியத்தான் செஞ்சுது.

[திரையில்: ஜூன் 12, சிட்டி ஃபீல்டு, ஆறாவது இன்னிங்ஸ்]

இந்தக் காட்சியை மட்டும் நிதானமா பாருங்க. கோடாய் செங்கா, அன்னிக்கு ரன்னே விடாம போட்டுக்கிட்டிருக்காரு. சீசன் ஈ.ஆர்.ஏ. 1.47. அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒன்றரை ரன் கூட விடல. பந்து முதல் பேஸ் பக்கம் உருளுது, பீட் அலோன்சோ எடுக்கிறாரு. செங்கா பேஸை மிதிக்க ஓடி வர்றாரு. அலோன்சோ எறிஞ்ச பந்து கொஞ்சம் உயரமாப் போகுது. செங்கா எம்பிக் குதிச்சுப் பிடிச்சு, காலை நீட்டி பேஸை மிதிச்சுடறாரு. அவுட். அடுத்த நொடி தொடையைப் பிடிச்சுக்கிட்டு தரையில.

ஒரு மாசத்துல திரும்பி வந்தாரு. ஆனா அந்தப் பழைய பந்து திரும்பி வரல. செப்டம்பர்ல அவரையே மைனர் லீக்குக்கு அனுப்புற நிலைமை.

ஜூலை கடைசியில டிரேடு, அதாவது டீம்கள் ஆளுங்களை மாத்திக்கிறதுக்கான காலக்கெடு. எல்லாருக்கும் தெரியும் ஸ்டார்ட்டர் வேணும்னு. மெட்ஸ் வாங்கினது மூணு ரிலீவர்கள், ஒரு அவுட்ஃபீல்டர். அதுல ரயன் ஹெல்ஸ்லி, கார்டினல்ஸோட பேர் பெற்ற க்ளோசர், மெட்ஸ் சட்டையில 7.20 ஈ.ஆர்.ஏ. ஓட்டை கூரையில, பக்கெட் வாங்கிட்டு வந்த கதை.

நல்லது ஒண்ணு நடந்தது: நோலன் மெக்லீன். ஆகஸ்ட்ல வந்த பையன், எட்டு ஸ்டார்ட்ல அஞ்சு வெற்றி, 2.06 ஈ.ஆர்.ஏ. இந்த வீடியோல நான் சந்தோஷமா சொல்ற ஒரே எண் இதுதான்னு நினைக்கிறேன்.

[திரையில்: 2025–26 ஆஃப்சீசன்]

இப்போ இந்தக் குளிர்காலம். ஸ்டெர்ன்ஸ் டீமைக் கலைச்சுப் போட்டாரு. நிம்மோவை டெக்சாஸுக்குக் கொடுத்து மார்கஸ் செமியனை வாங்கினாரு. மெக்நீல் போனாரு. க்ளோசர் எட்வின் டியாஸ், 1.63 ஈ.ஆர்.ஏ. போட்ட மனுஷன், மூணு வருஷம் 6.9 கோடிக்கு டாட்ஜர்ஸுக்குப் போயிட்டாரு. மறுநாளே அலோன்சோ, 264 ஹோம் ரன்னோட மெட்ஸ் வரலாற்றுலயே முதலிடத்துல இருக்கிறவர், அஞ்சு வருஷம் 15.5 கோடிக்கு பால்டிமோருக்கு.

க்ளோசர் இடத்துக்கு வந்தவர் டெவின் வில்லியம்ஸ், மூணு வருஷம் 5.1 கோடி. இங்கதான் விதி சிரிக்குது. 2024 அக்டோபர் 3, மில்வாக்கி. மெட்ஸ் 0-2ன்னு பின்னாடி, ஒன்பதாவது இன்னிங்ஸ், தோத்தா வீட்டுக்கு. பந்து போட்டவர் இதே வில்லியம்ஸ். அவரோட பேர் போன சேஞ்ச்அப்பை, அதாவது ஏமாத்துற மெதுவான பந்தை, வலது பக்க வேலிக்கு அந்தாண்ட அனுப்பி மூணு ரன் கொடுத்தவர் இதே அலோன்சோ. அடிச்சவரை அனுப்பிட்டு, அடி வாங்கினவரை எடுத்திருக்காங்க!

கிண்டல் போதும். வில்லியம்ஸ் யாங்கீஸ்ல 4.79 போட்டாலும், அந்த ஒரு வருஷத்தை வச்சு அவரை எடை போட மாட்டேன். லூக் வீவரையும் எடுத்திருக்காங்க. டியாஸ் போனது எனக்கு வருத்தம்தான். ஆனா க்ளோசர் வருஷத்துக்கு 60, 65 இன்னிங்ஸ் போடறவர். மெட்ஸோட பள்ளம் அதைவிடப் பெருசு. பேட்டிங்குக்கு போலாங்கோ, பிஷெட், லூயிஸ் ராபர்ட்னு மூணு பேர் வந்தாங்க. அதுல போலாங்கோவை முதல் பேஸுக்கு எடுத்திருக்காங்க. அவர் அங்க ஆடிப் பழகினவரே இல்ல. சரி, அது வேற வீடியோ.

[திரையில்: ஃப்ரெடி பெரால்டா, 2025: 17-6, 2.70 ஈ.ஆர்.ஏ., 204 ஸ்ட்ரைக்அவுட்]

ஜனவரி மூணாவது வாரம் வரைக்கும் ஒரு ஸ்டார்ட்டர் கூட வாங்கல. டிலன் சீஸ் ஏழு வருஷத்துக்கு டொரான்டோ போனாரு, ரேஞ்சர் சுவாரஸ் அஞ்சு வருஷத்துக்கு பாஸ்டன் போனாரு. நான் நகத்தைக் கடிச்சுக்கிட்டிருந்தேன். அப்புறம்தான் மில்வாக்கில இருந்து பெரால்டா. 2015 டிசம்பர்ல, பேர் தெரியாத 19 வயசுப் பையனா அவரை சியாட்டில்கிட்ட இருந்து மில்வாக்கிக்கு வாங்கினவரே, அப்போ அங்க ஜெனரல் மேனேஜரா இருந்த ஸ்டெர்ன்ஸ்தான். பத்து வருஷம் கழிச்சு அதே கையை ரெண்டாவது தடவை வாங்கியிருக்காரு.

விலை: ஜெட் வில்லியம்ஸ், பிரான்டன் ஸ்ப்ரோட். ரெண்டு பேருமே மெட்ஸோட பண்ணையில, அதாவது மைனர் லீக் டீம்கள்ல, வளர்ந்த முதல் தர இளைஞர்கள். பெரால்டா சம்பளம் 80 லட்சம் டாலர்தான். மெட்ஸோட மொத்தச் சம்பளச் செலவு இருக்கிற உயரத்துல, கூடுதலா கொடுக்கிற ஒவ்வொரு டாலருக்கும் 110 சதவீதம் ஆடம்பர வரி கட்டணும், அதனால உண்மையில ஒண்ணே முக்கால் கோடிக்குக் கொஞ்சம் குறைவு. அப்பவும் மலிவு. சிக்கல் என்னன்னா, 2026 முடிஞ்சதும் அவர் ஃப்ரீ ஏஜென்ட், எந்த டீமுக்கும் போகலாம்.

என்னைக் கேட்டா, நான் இந்த டிரேடைப் பண்ணியிருப்பேன். ஆனா இதோட நிறுத்தியிருக்க மாட்டேன். பெரால்டா 176 இன்னிங்ஸ் போட்டவர், சரி. மெக்லீன் 2025 முடியுற வரைக்கும் மேஜர் லீக்ல மொத்தமே 48 இன்னிங்ஸ்தான் பார்த்திருக்காரு. அவரை ஒரே வருஷத்துல 180க்கு ஓட்டினா அந்தக் கை என்னாகும்? ஹோம்ஸும் பீட்டர்சனும் 2025ல அவங்க வாழ்க்கையிலயே அதிக இன்னிங்ஸ் போட்டவங்க. செங்காவும் மனாயாவும் கேள்விக்குறி. டைலர் மெகில் முழங்கை ஆபரேஷன் முடிஞ்சு உட்கார்ந்திருக்காரு. ஜோனா டாங் திறமையான பையன், ஆனா செப்டம்பர்ல மேஜர் லீக் அடி எப்படி இருக்கும்னு பார்த்துட்டாரு.

மேல ஒரு ஏஸ், அதாவது முதன்மை ஸ்டார்ட்டர், வந்தாச்சு. நடுவுல, பளபளப்பு இல்லாம, அஞ்சு நாளுக்கு ஒரு தடவை வந்து ஆறு இன்னிங்ஸ், மூணு ரன்னு கொடுத்துட்டுப் போற ஒரு சாதாரண ஆள் இன்னும் இல்ல. அப்படிப்பட்டவருக்கு நாலாவது வருஷம் எழுதிக் கொடுக்க ஸ்டெர்ன்ஸுக்கு மனசு வரல.

அதனால போர்ட் செயின்ட் லூசில ஸ்பிரிங் ட்ரெயினிங், அதாவது சீசனுக்கு முந்தின பயிற்சி முகாம், தொடங்கினதும், நான் பெரால்டாவைப் பார்க்கப் போறதில்ல. அவர் எப்படின்னு தெரியும். செங்கா முதல் பேஸுக்கு ஓடும்போது எப்படி ஓடறாரு, மனாயா நாலாவது இன்னிங்ஸ்லயும் அதே வேகத்துல போடறாரா, இதைத்தான் பார்ப்பேன். இவங்க ரெண்டு பேர்ல ஒருத்தராவது ஜூன் வரைக்கும் நின்னா, டாங்கை அவசரப்பட்டு இழுக்க வேண்டாம். ரெண்டு பேரும் நிக்கலேன்னா, ஜூலைல மெட்ஸ் மறுபடியும் சந்தைக்கு வரணும், அப்போ கொடுக்க ஸ்ப்ரோட் இருக்க மாட்டாரு.