ஆறு இருக்கிறது, இறங்கும் துறை எங்கே?

(பென்னாகரத்தில் பரிசல் ஓட்டிகள், மீனவர்கள், ஊராட்சி உறுப்பினர்கள், ஆசிரியர்கள் கூடிய கூட்டத்தில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, ஊட்டமலையிலிருந்தும் நாகமரையிலிருந்தும் ஒட்டனூரிலிருந்தும் ஒரு நாள் பிழைப்பை விட்டுவிட்டு வந்திருக்கும் பரிசல்கார அண்ணன்மார்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

பிலிகுண்டுலுவைத் தாண்டி, ஒகேனக்கல் பாறைகளில் விழுந்து, மேட்டூர் நீர்த்தேக்கத்தில் போய்க் கலக்கும் வரை காவிரி நம் இரு மாவட்டங்களின் ஓரமாகவே ஓடுகிறது. புளோரைடு கலந்த நிலத்தடி நீரால் பல்லும் எலும்பும் கெட்டுப்போன ஊர்களுக்கு 2013இல் ஒகேனக்கல் குடிநீர் வந்தது. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இன்று குழாயைத் திறந்தால் இந்த ஆறு வருகிறது. ஆனால் ஒகேனக்கலில் சுற்றுலாப் பயணிகள் ஏறும் பரிசல் துறையை விட்டுவிட்டுப் பாருங்கள். வயதான ஓர் அம்மா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அச்சமில்லாமல் நீர்வரை இறங்கி, ஒரு சின்னப் பரிசலில் ஏறி உட்காரும்படி கட்டப்பட்ட இடம் எங்கே இருக்கிறது? அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். மோட்டார் படகுக்கு ஜெட்டி கட்டுவது பற்றிப் பேசப் போவதில்லை. மனிதன் துடுப்புப் போட்டுச் செலுத்தும் படகுக்கு, முதலில் பரிசலுக்கு, பிறகு துடுப்புப் படகு கொண்டுவரும் இளைஞர்களுக்கு, பொதுவான, கட்டணமில்லாத, பாதுகாப்பான இறங்குதுறைகள் வேண்டும். என் கோரிக்கை அவ்வளவுதான்.

பரிசலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் துறை கட்டும் பொறியாளர்களுக்கு அது தெரிய வேண்டும் என்பதால் சொல்கிறேன். பிளந்த மூங்கிலால் பின்னிய வட்டக் கூடு. ஒரு காலத்தில் தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் படுதாவும் தாரும். அடிமரம் கிடையாது, அடி தட்டை. அதனால் முழங்கால் அளவுகூட இல்லாத நீரிலும் மிதக்கும், பாறை இடுக்கிலும் நுழையும். அதே காரணத்தால் வேகமான ஓட்டத்தை எதிர்த்து அதைத் துழாவிக்கொண்டு மேலே வருவது பெரும்பாடு. கீழே போன பரிசல் பல இடங்களில் பரிசல்காரர் தலைமேல்தான் திரும்பி வருகிறது. பாறையில் வெறுங்காலோடு, தலையில் பரிசலைக் கவிழ்த்துக்கொண்டு நடக்கும் மனிதரைப் பார்க்காத யாரும் இந்த அவையில் இருக்க முடியாது.

ஆகவே, ஏறும் இடத்தைவிட இறங்கும் இடம் முக்கியம். நம் திட்டங்களில் இது எப்போதும் தலைகீழாக இருக்கிறது. ஏறும் இடத்தில் டிக்கெட் விற்பதால் அங்கே கூரை போடுகிறோம், பலகை வைக்கிறோம். ஆறு கீழ்நோக்கி ஓடுகிறது. பயணம் முடிகிற இடத்தில் ஒரு படிக்கட்டும் இல்லை. நீரோட்டம் திடீரென உயர்ந்தால் பரிசல்காரர் எங்கே கரை ஒதுங்குவார்? அடுத்த துறை எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே கையால் பற்றிக்கொள்ள ஓர் இரும்பு வளையமாவது இருக்க வேண்டும். உயிர் காப்பது அந்த வளையம்.

நாகமரை, பண்ணவாடி மக்களுக்கு இது சுற்றுலா விஷயமே இல்லை. இந்தக் கரை தர்மபுரி, அந்தக் கரை சேலம். சாலையில் போனால் மேட்டூரைச் சுற்றிக்கொண்டு பல மடங்கு தூரம். நீர்வழியில் சிறிது நேரம். ஒட்டனூருக்கும் கோட்டையூருக்கும் இடையிலும் இதே கதைதான். இங்கே துறை கட்டுவதில் உள்ள சிக்கலைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு கட்டிய படிகளும் பயனில்லாமல் போவது இந்த இடத்தில்தான்.

1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. 2024 ஜூலைத் தொடக்கத்தில் நீர்மட்டம் சுமார் 40 அடி. அதே மாத இறுதியில் அணை நிரம்பியது. ஒரே மாதத்தில் 80 அடி ஏற்றம்! தண்ணீர் வற்றும்போது பண்ணவாடியில் பழைய கோயிலின் நந்தியும் தேவாலயத்தின் கோபுரங்களும் வெளியே தெரிவதையும், வெடித்த ஏரித் தரையில் விவசாயிகள் பயிர் வைப்பதையும் நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். அப்படியென்றால் கரை என்பது அங்கே ஓரிடத்தில் நிற்பதில்லை. சக்கர நாற்காலி போகிற சரிவு, அதாவது 12 அடி நீளத்துக்கு ஓரடி இறக்கம் என்று கணக்கு வைத்தால், 80 அடி இறங்க 960 அடி நீளமான சாய்தளம் வேண்டும். அணைக்கு மேலே தள்ளியிருக்கும் ஊர்களில் முழு 80 அடி வித்தியாசம் வராது. நீர்த்தேக்கம் வற்றினால் அங்கே பழைய ஆறுதான் மிஞ்சும். இருந்தாலும் ஒரே இடத்தில் பத்துப் படி கட்டித் திறப்பு விழா நடத்தினால், ஆண்டில் சில வாரங்களுக்கு மட்டுமே தண்ணீர் அந்தப் படியைத் தொடும். மீதி நாளெல்லாம் தலையில் மூட்டையோடு பெண்கள் சேற்றில் நடப்பார்கள்.

செய்யக்கூடியது என்ன? கரையின் மேட்டை நேராக வெட்டாமல், சரிவுக்குக் குறுக்காக வளைந்து வளைந்து இறங்கும் கல்பாதை போடலாம். நீர் எந்த மட்டத்தில் நின்றாலும் பாதையின் ஏதோ ஒரு வளைவு நீரைத் தொடும். கடைசிச் சில அடிகளுக்கு, தூக்கி நகர்த்தக்கூடிய மரப்பலகை அல்லது மிதவை. வழவழப்பான சிமெண்ட் தளம் வேண்டவே வேண்டாம். பாசி பிடித்த மறு மாதமே இடுப்பெலும்பை உடைக்கும். கிருஷ்ணகிரியும் தர்மபுரியும் கருங்கல்லுக்குப் பெயர் பெற்ற மாவட்டங்கள். மெருகேற்றாத, சொரசொரப்பான கருங்கல் பலகை நமக்கு வெளியூரிலிருந்து வர வேண்டிய பொருளா?

ஓடும் ஆற்றில் துறைக்கு இடம் தேர்வது வேறு கலை. ஆறு வளையும் இடத்தில் வெளிவளைவில் ஓட்டம் வேகமாக வந்து கரையை அரிக்கும். உள்வளைவில் மணல் சேர்ந்து துறையை மூடும். பாறை ஒன்று முன்னே நின்று ஓட்டத்தை உடைத்து, அதன் நிழலில் தண்ணீர் அமைதியாகத் தேங்கும் இடம் நல்ல துறை. அது எங்கே என்று எந்தச் செயற்கைக்கோள் படமும் காட்டாது. இந்த அவையின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பரிசல்காரர்களுக்குத் தெரியும். வரைபடம் வரைவதற்கு முன் அவர்களைப் பரிசலில் முன்னே விட்டு, பின்னால் பொறியாளர்கள் போக வேண்டும். அவர்களை அழைக்காமல் வரைந்த எந்த வரைபடத்தையும் நான் நம்பமாட்டேன்.

தென்பெண்ணையையும் சின்னாற்றையும் பற்றிப் பேசும்போது ஓர் ஆபத்தைச் சொல்லியே ஆக வேண்டும். தடுப்பணை. ஆள் உயரம்கூட இல்லாத சுவர். மேலே மெல்லிய கண்ணாடிப் படலமாகத் தண்ணீர் வழிகிறது. பிள்ளைகள் அதன் கீழே குதிக்கிறார்கள். ஆற்றின் முழு அகலத்துக்கும் சுவர் இருந்து, நீர்வரத்து நன்றாக இருக்கும்போது, கீழே விழும் நீர் அடியில் போய், மேலே சுருண்டு, சுவரை நோக்கித் திரும்பி வரும். அந்தச் சுருளில் சிக்கிய மரக்கட்டை மணிக்கணக்கில் அதே இடத்தில் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். மனிதனையும் அது அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். லைஃப் ஜாக்கெட் போட்டவரும் தப்பிப்பது கடினம், நீச்சல் தெரிந்தவரும் அப்படியே. காப்பாற்றக் குதிப்பவரும் சேர்ந்தே போகிறார். ஆகவே ஒவ்வொரு தடுப்பணைக்கும் மேலே, ஓட்டம் இழுக்கத் தொடங்குவதற்கு முன்பே, கரை ஏற ஒரு துறையும், படகைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போக ஒரு நடைபாதையும், தொலைவிலிருந்தே தெரியும் எச்சரிக்கைப் பலகையும் வேண்டும். தடுப்பணைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகை.

ஓசூர்ப் பக்கம் தென்பெண்ணை இன்னும் வருத்தமான நிலையில் இருக்கிறது. கெலவரப்பள்ளி அணையிலிருந்து நீர் திறக்கும்போது வெள்ளை நுரை மலைபோல எழுவதைச் செய்தித்தாள்களில் ஆண்டுதோறும் பார்க்கிறோம். அங்கே இன்று படகுத்துறை கேட்கமாட்டேன். முதலில் கழிவு நிற்க வேண்டும். ஆனால் ஒன்றைச் சொல்வேன். மக்கள் இறங்கிப் புழங்கும் ஆற்றில் ஒருவன் ரகசியமாகக் கழிவை விடுவது எளிதல்ல. கிருஷ்ணகிரி அணைப் பகுதியில் நல்ல துறைகள் அமைந்து, பள்ளிப் பிள்ளைகள் வாரந்தோறும் நீரில் இருந்தால், நுரையை முதலில் பார்த்துக் கேள்வி கேட்பவர்கள் அவர்களாகவே இருப்பார்கள்.

இனி உரிமை. ஆறு யாருடையது? பியாஸ் ஆற்றங்கரையில் ஒரு விடுதி தன் வசதிக்காக ஆற்றின் போக்கையே திருப்ப முயன்ற வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஆறு போன்ற இயற்கை வளங்களை அரசு மக்களுக்காக அறங்காவலராக வைத்திருக்கிறது; தனியார் ஆதாயத்துக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது. பொதுப் படகுத்துறை என்பதும் புதிய எண்ணம் இல்லை. சென்னை மாகாணத்தில் 1890ஆம் ஆண்டிலேயே கால்வாய்களுக்கும் பொதுப் படகுத்துறைகளுக்கும் சட்டம் இயற்றினார்கள். 1917ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கப்பல் சட்டம் இயந்திரப் படகுகளை மட்டுமே கண்டுகொண்டது. அதற்குப் பதிலாக வந்த 2021ஆம் ஆண்டுச் சட்டம் இயந்திரமில்லாப் படகுகளையும் குறிப்பிட்டு, அவற்றை முறைப்படுத்தும் பொறுப்பை மாநிலங்களிடம் விட்டிருக்கிறது. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் ஆற்றிலும் ஏரியிலும் மோட்டாரில்லாப் படகு விடலாம். மோட்டாருக்கு அந்த உரிமை கிடையாது. சத்தமில்லாத, புகையில்லாத, கரையை அலையால் அடிக்காத படகுக்கு முன்னுரிமை கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படுகிறது.

இதைக் கேட்டுப் பரிசல்கார அண்ணன்மார்கள் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. "எவன் வேண்டுமானாலும் படகு கொண்டுவந்தால் எங்கள் சோற்றுக்கு என்ன வழி?" என்ற கேள்வி நியாயமானது. ஒகேனக்கல் அருவிப் பகுதியில் பயணிகளை ஏற்றிச் செல்லும் உரிமை உங்களுடையதாகவே இருக்க வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் கேட்பது மற்ற துறைகள். அவை வந்தால் வழிகாட்டியாக, மீட்புப் பணியாளராக, துறைக் காவலராக ஊதியம் பெற்று நிற்க வேண்டியவர்களும் நீங்கள்தான். நீர்வரத்து கூடியதும் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கிறது. உயிர் காக்கும் தடையை எதிர்க்கக் கூடாது. ஆனால் ஆடிப்பெருக்குக்கு ஊரே திரண்டு வரும் நாளில், கையில் வருமானமில்லாமல் கரையில் நிற்பவருக்கு அந்த நாட்களுக்கான உதவித்தொகை என்ற பேச்சும் சேர்ந்தே வர வேண்டும்.

தடை திடீரென வர வேண்டியதும் இல்லை. பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் தினமும் அளக்கிறது. விநாடிக்கு இத்தனை கனஅடி என்று செய்தித்தாளில் படிக்கிறோம். ஒரு கனஅடி என்பது ஏறத்தாழ 28 லிட்டர். கர்நாடக அணைகளில் திறந்த நீர் இங்கே வந்து சேர ஒரு நாளுக்கு மேலாகிறது. அந்த எண்ணை ஒவ்வொரு துறையிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். நீரில் நிற்கும் கல்தூணில் பச்சை, மஞ்சள், சிவப்பு வண்ணம் பூசி வைத்தால், எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஆற்றின் நிலையைப் பார்த்துப் புரிந்துகொள்வார்.

வனத்துறை நண்பர்கள் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வன உயிரின சரணாலயம் 686 சதுர கிலோமீட்டர். நீர்நாயும் முதலையும் மென்னோட்டு ஆமையும் அந்த ஆற்றில் வாழ்கின்றன. ஆமை முட்டையிடும் மணல்திட்டிலும், நீர்நாய் குட்டி வளர்க்கும் கரையிலும் துறை கேட்பவர் யாராயினும் நான் உங்கள் பக்கம் நிற்பேன்.

இப்போது செய்ய வேண்டியது. கரை வருவாய்த் துறையிடம், தண்ணீர் நீர்வளத் துறையிடம், காடு வனத்துறையிடம், மீன் மீன்வளத் துறையிடம், பரிசல் கட்டணம் ஊராட்சி ஒன்றியத்திடம். யாரைக் கேட்டாலும் அடுத்த அலுவலகத்தைக் காட்டுவார்கள். அதனால் ஒவ்வொரு படகுத்துறைக்கும் பொறுப்பான ஓர் அதிகாரியின் பெயரை ஆட்சியர் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று முதலில் கேட்போம். மார்ச் 22, உலக தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடும். ஆற்றோர ஊராட்சிகள் ஒவ்வொன்றும் அன்று தீர்மானம் போடட்டும்: எங்கள் ஊர்த் துறை இந்த இடத்தில், இந்த அகலத்தில், பொதுப் பயன்பாட்டுக்கு என்று குறிக்கப்பட வேண்டும், பாலம் வந்தாலும் துறை மூடப்படக் கூடாது. இடத்தையும் அளவையும் எழுதாத தீர்மானம் கோப்பில் தூங்கிவிடும். ஆகவே அளந்துகொண்டு போக வேண்டும். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு நாகமரையில் அளவுநாடாவும் மட்டக் கருவியும் கொண்டு வருகிறேன். பரிசல்காரர்கள் இருவரும், ஊராட்சியிலிருந்து ஒருவரும், படம் வரையத் தெரிந்த மாணவர்கள் நான்கைந்து பேரும் வந்தால், ஒட்டனூரையும் சேர்த்து அன்று மாலைக்குள் முடித்துவிடலாம்.