சாலைக்கு அழைப்பது யார்?

பெருமதிப்பிற்குரிய கூட்டத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வனச்சரக அலுவலர் அவர்களே, நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர் அவர்களே, விடுமுறை நாளிலும் அரங்கைத் திறந்துவிட்ட தலைமையாசிரியை அவர்களே, இரவுப் பணி முடித்து உறங்காமல் நேரே இங்கு வந்திருக்கும் பஸ், லாரி ஓட்டுநர்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன் பேசிய கால்நடை மருத்துவர் அம்மையாருக்குத் தனியாக ஒரு வணக்கம். அடிபட்ட மானைப் பத்துப் பேர் சூழ்ந்து தூக்கினால் காயத்துக்கு முன்பே பீதி அதைக் கொன்றுவிடும் என்று சொன்னாரே, அதைக் கேட்டதற்கே நாம் வந்தது தகும்.

காட்டுச் சாலைகளில் விலங்குகள் வண்டியில் அடிபடாமல் காப்பது பற்றி, வேகம், பாலம், சட்டம், ஓட்டுநர் பயிற்சி என்று நான்கு பொருள்களில் நான் பேசுவேன் என அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். என் பேச்சை முன்பே கேட்டவர்களுக்கு ஐந்தாவது ஒன்று நுழையும் என்று தெரியும்.

முதலில் வேகம். பதறாத காரியம் சிதறாது. இதை நான் சொல்லாத மேடை இல்லை, இன்றும் விடப்போவதில்லை. மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. கண் பார்த்து, கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி என்று வையுங்கள். அதற்குள்ளேயே 33 மீட்டர் போய்விட்டது. பிறகு வண்டி நிற்க, காய்ந்த சாலையிலேயே ஏறத்தாழ இன்னும் 35 மீட்டர் வேண்டும். தாழ்த்திய முகப்பு விளக்கில் அவ்வளவு தூரம் துலக்கமாகத் தெரியாது. அதே கார் 40-இல் வந்தால் மொத்தமே சுமார் 26 மீட்டரில் நின்றுவிடும். மான் ஏன் ஓடாமல் நடுச்சாலையில் மரம்போல் நிற்கிறது என்று கேட்கிறார்கள். இருட்டுக்குப் பழகிய கண்ணில் வெளிச்சத்தைப் பாய்ச்சினால் அது எங்கே ஓடும்? ஒன்று கடந்துவிட்டது என்று உடனே ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள், பின்னால் குட்டி வரும்.

சிறிய உயிர்கள் நம் கணக்கிலேயே வருவதில்லை. பகல் வெயிலை வாங்கி வைத்திருக்கும் தார், மாலையில் கதகதப்பாக இருக்கிறது. பாம்பு அதில் வந்து படுக்கிறது. முதல் மழை இரவில் தவளைகள் கூட்டமாகக் கடக்கின்றன. பக்கி என்னும் இரவுப் பறவை சாலையிலேயே உட்கார்ந்துகொள்கிறது. காலையில் பார்த்தால் தாரோடு தாராக ஒட்டிய ஒரு தோல், அதில் நான்கு இறகு. யானை அடிபட்டால் செய்தி. இவற்றைக் கூட்டித் தள்ளிவிடுகிறோம்.

அடுத்து பாலம். பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டி, மகாராஷ்டிரத்தில், தேசிய நெடுஞ்சாலை 44-ஐ விரிவாக்கியபோது விலங்குகள் அடியில் போக ஒன்பது இடங்களில் வழி விட்டார்கள். மிக நீளமானது 750 மீட்டர். அதன் வழியாகப் புலியும் போகிறது. கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் வேலியும் மேம்பாலமும் சுரங்கவழியும் சேர்ந்து மோதல்களை 80 சதவீதத்துக்கு மேல் குறைத்தன. வால்பாறையில் சிங்கவால் குரங்குகளுக்காகச் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டினார்கள். கர்நாடகத்தின் பந்திப்பூர் புலிகள் காப்பகத்தில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை சாலையை மூடுகிறார்கள். ஆம்புலன்சும் சில பஸ்களும் மட்டும் போகும். சத்தியமங்கலம் காட்டின் திம்பம் மலைப்பாதையில் 2022-இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் இரவுக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. பொறியாளர் அவர்கள் புன்னகைக்கிறார். நிதியைப் பற்றி நான் கேட்கவில்லை ஐயா, பயப்பட வேண்டாம். இனி நான் சொல்லப்போவதற்கு ஒரு காசும் செலவில்லை.

ஒரு திருமணக் கோஷ்டியோடு வேனில் போய்க்கொண்டிருந்தேன். பெயர் வேண்டாம், உறவு விட்டுப்போகும். வேனில் ஒரு பெரியவர். தாராள மனம், அதைவிடத் தாராளமான குரல். காட்டுச் சாலையில் பாதி வழியில் நாலைந்து குரங்குகளைப் பார்த்ததும் “நிறுத்தப்பா!” என்றார். ஓட்டுநர் தயங்கினார். “நிறுத்தாதீர்கள்” என்று பலகையே இருந்தது. அந்தப் பலகைக்குக் கீழேயே நிறுத்த வைத்தார். “வாயில்லா ஜீவன், புண்ணியம்” என்று மிச்சச் சாப்பாட்டை இறக்கச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். “உன் பிரசங்கத்தை மேடையில் வைத்துக்கொள்” என்றார். வேன் முழுக்கச் சிரிப்பு. பிறகு அவரே வேட்டியை மடித்துக் கட்டி, சாலையோரத்தில் வரிசையாகப் பரிமாறினார். பந்தி விசாரிப்பு வேறு! “அந்தக் குட்டிக்கு இன்னும் கொஞ்சம் வை.” ஒரு தடிக்குரங்கு வந்து அவர் தோள் துண்டைப் பறித்துக்கொண்டு மரமேறியது. அதற்கும் “குளிருக்குப் போர்த்திக்கொள்ளட்டும்” என்றார். மனிதரை யாரால் கோபித்துக்கொள்ள முடியும்? எல்லோரும் படம் எடுத்தார்கள்.

மறுநாள் அதே வழியில் திரும்பினோம். அதே பலகை. அதன் கீழே பிஸ்கட் உறையைக் கையில் பிடித்தபடி ஒரு தாய்க்குரங்கு கிடந்தது. குட்டி அதன் மயிரைப் பற்றிக்கொண்டு விடவில்லை. எங்களுக்குப் பின்னால் வந்த வண்டிகளும் ஏதாவது தரும் என்று அது காத்திருந்திருக்கிறது. பெரியவர் வேனிலிருந்து இறங்கவில்லை.

இதுதான் என் ஐந்தாவது செய்தி. விலங்கு தானாகச் சாலைக்கு வருகிறது என்கிறோம். பாதி நேரம் நாம்தான் அழைக்கிறோம். பாதித் தின்ற பழத்தை ஜன்னல் வழியே எறிகிறீர்கள். மண்ணில் மக்கிவிடும், தவறில்லை என்று நினைப்பு. அதைத் தின்ன எலி வருகிறது. எலியைப் பிடிக்க ஆந்தை தாழப் பறந்து சாலையைக் கடக்கிறது. அப்போது உங்கள் கார் வருகிறது. பான்ஃபிலேயே, வேலி போட்ட அதே ஊரில், சரக்கு ரயில் சிந்திய தானியத்தைத் தின்னக் கரடிகள் தண்டவாளத்துக்கு வந்து அடிபட்டிருக்கின்றன. பனிநாடுகளில் சாலையில் தூவும் உப்பை நக்க மூஸ் என்னும் பெரிய மான் வருகிறது. பாலம் கட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அடியில் வழி விட்டுவிட்டு மேலே சாலையில் பந்தி போட்டால் விலங்கு எங்கே வரும்?

பசி பொறுக்காதா? காடு முடிய எவ்வளவு நேரமாகும்? பதறாத காரியம் சிதறாது. பொட்டலத்தைக் காடு தாண்டிப் பிரிக்கலாம்.

சட்டம் பற்றியும் ஓட்டுநர் பயிற்சி பற்றியும் பேச வேண்டும். தலைவர் அவர்கள் இரண்டாம் முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். சட்டத்தை வனச்சரக அலுவலர் என்னைவிட நன்றாகச் சொல்வார். பயிற்சியை ஓட்டுநர்கள்தான் எனக்குத் தர வேண்டும்.

கேட்பது இவ்வளவுதான். காட்டுக்குள் நுழையும் சோதனைச்சாவடியில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குப்பைப் பை கொடுங்கள். வெளியேறும் சாவடியில் திரும்ப வாங்குங்கள். இடையில் வண்டியை நிறுத்தினால் அபராதம். பஸ்ஸில் நடத்துநர் டிக்கெட் கொடுக்கும்போதே “ஜன்னல் வழியே எதையும் போடாதீர்கள்” என்று ஒருமுறை சொல்லட்டும். இவற்றை எழுதிய மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. முதல் கையெழுத்து அந்தப் பெரியவருடையது.