பைப்புக்கு எத்தனை மில்லிமீற்றர் துளை?

நேயர்களுக்கு வணக்கம். கிணற்று மோட்டருக்கோ, கேற் விளக்குக்கோ, ஏசிக்கோ வயர் கொண்டுபோவதென்றால், வயரை உள்ளே விடும் கொன்டியூட் பைப் எங்காவது ஒரு சுவரைத் தாண்டத்தான் வேண்டும். உளியும் சுத்தியலுமாக ஒரு கை நுழையும் அளவுக்குக் கொத்திவிட்டு, பிறகு சீமெந்து பூசி அடைப்பதுதான் இங்கே வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய பூச்சோடு புதுப் பூச்சு சரியாக ஒட்டாது. நாளடைவில் விளிம்பைச் சுற்றி வெடிப்பு விடும்.

துளையின் அளவைத் தீர்மானிப்பது பைப்பின் வெளிவிட்டம். நம் கடைகளில் 20, 25, 32 என்று கேட்டு வாங்கும் மில்லிமீற்றர் அளவு, கொன்டியூட்டைப் பொறுத்தவரை வெளிவிட்டம்தான். ஆகவே 20 பைப்புக்கு 22 அல்லது 24 மில்லிமீற்றர் ட்ரில் பிட், 25 பைப்புக்கு 28 அல்லது 30 போதும். சரியாக 20 பிட்டால் துளைத்தால் பைப் இறுகிக்கொள்ளும். அடித்து ஏற்றினால் வாய் பிளக்கும்.

கைபேசியில் அமெரிக்கக் காணொளி பார்த்து வேலை செய்பவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அங்கே முக்கால் அங்குலம் என்பது வெறும் பெயரளவு. முக்கால் அங்குல மெல்லிய இரும்புக் கொன்டியூட்டின் வெளிவிட்டம் ஏறக்குறைய 23.4 மில்லிமீற்றர். அவர்கள் சொல்லும் பிட் அளவு நம் பைப்புக்குப் பொருந்தாது. எந்தப் பைப் என்றாலும் துண்டொன்றைக் கையில் வைத்து அளந்துவிடுங்கள், சந்தேகமே வராது.

அப்புறம் சொக்கட், அதாவது இரண்டு பைப்பை இணைக்கும் துண்டு. பைப்பைவிட அது சில மில்லிமீற்றர் பருமன். அதற்காகத் துளையைப் பெருப்பிக்க வேண்டாம். சுவருக்குள் முழுத் துண்டாகப் பைப்பை விட்டு, இணைப்பை வெளியே வையுங்கள். உள்ளே கழன்ற இணைப்பை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

துளைக்கும்போது முதலில் 6 அல்லது 8 பிட்டால் மறுபக்கம் வரை ஒரு வழி போடுங்கள். பிறகு பெரிய பிட்டை இரண்டு பக்கமிருந்தும் பாதிப் பாதியாக விட்டால் பூச்சு பெயராது. ஸ்விட்சுக்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் பழைய வயர் ஓடக்கூடும், அங்கே கை வைக்காதீர்கள். மெயினை நிறுத்திவிட்டுத் துளையுங்கள். அப்போது ட்ரில்லுக்கு மின் எங்கே என்று கேட்பீர்கள். பற்றரி ட்ரில் இருந்தால் சிக்கலே இல்லை. கொங்கிறீட் தூணிலும் பீமிலும் துளையே வேண்டாம், உள்ளே கம்பி இருக்கிறது.

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலைப் பார்த்த சுவரென்றால் இன்னொரு விஷயம். கார்த்திகை, மார்கழியில் வடகீழ்க் காற்றோடு வரும் மழை சுவரில் சாய்வாக அடிக்கும். துளை மட்டமாக இருந்தால், அல்லது உள்பக்கம் தாழ்ந்திருந்தால், தண்ணீர் நேரே ப்ளக் பெட்டிக்கு வரும். 6 அங்குலச் சுவரில் வெளிப்பக்கம் ஒரு சென்ரிமீற்றர் தாழ்ந்தால் போதும். வெளியே வரும் பைப்பின் வாய் கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும். சுற்றியுள்ள இரண்டு மூன்று மில்லிமீற்றர் இடைவெளிக்குச் சிலிக்கன் போடுங்கள். எறும்பும் கறையானும் அந்த வழியால் வராது. பூச முன் தூசியைத் தூரிகையால் தட்டிவிடுங்கள், தூசியில் சிலிக்கன் ஒட்டாது. சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும் ஆவணி மாதத்திலேயே இந்த வேலையை முடித்துக்கொள்வது நல்லது.