தோளில் ஏறிய கப்பல்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

கிரேக்கப் பழங்கதையில், ஜேசன் தலைமையில் தங்க ஆட்டுத்தோலைத் தேடிப் போன ஆர்கோ கப்பல், அந்தத் தோலோடு ஊர் திரும்பியது தலைவனாலா, தோழர்களாலா? இதுதான் தலைப்பு. தோழர்களே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், தோலைப் பெறுவதற்காக ஜேசன் நெருப்புக் கக்கும் காளைகளை ஏரில் பூட்டிய காட்சியைச் சொல்லிக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். களத்தில் இறங்குமுன் ஜேசன் உடம்பெல்லாம் பூசிக்கொண்டானே ஒரு மருந்து, அதைக் கொடுத்தது யார்? மெடியா, தோலை வைத்திருந்த அரசனின் மகள். பூசினால் அன்று முழுக்கத் தீ சுடாது, வாள் வெட்டாது. அந்த மருந்து கிடைத்தால், நடுவர் அவர்களே, நானே போய் ஏர் பூட்டுவேன்!

"மெடியா மயங்கியது ஜேசனைப் பார்த்துத்தானே?" என்பார்கள். ஐயா, அது தேவி ஹீரா சொல்லி, காதல் தேவி அஃப்ரோடைட்டி கேட்டுக்கொண்டு, அவள் மகன் ஈராஸ் எய்த காதல் அம்பு. அதிலும் ஜேசனுக்குப் பங்கில்லை.

எதிரணியும் நானும் எடுத்துக்கொண்டது கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அப்போலோனியஸ் பாடிய காவியத்தைத்தான். அதில் ஜேசன் தலைவனான கதையை முதலில் பாருங்கள். பகாசாயிக் கடற்கரை. ஐம்பதுக்கும் மேற்பட்ட வீரர்கள், சுருட்டிய பாய் மேலும் கிடத்திய பாய்மரத்தின் மேலும் உட்கார்ந்திருக்கிறார்கள். "நம்மில் சிறந்தவனைத் தலைவனாகத் தேர்ந்தெடுங்கள்" என்கிறான் ஜேசன். எல்லார் கண்ணும் நடுவில் இருக்கும் ஹெர்குலிஸ் பக்கம் போகிறது. எல்லார் வாயிலும் அவன் பெயர்தான். அவன் எழுந்திருக்கவே இல்லை. உட்கார்ந்தபடி வலக்கையை நீட்டி, "எனக்கு வேண்டாம். வேறு எவனும் எழுந்திருக்கவும் விடமாட்டேன். கூட்டத்தைக் கூட்டியவனே நடத்தட்டும்" என்கிறான். ஆக, அந்தத் தலைமையே ஒரு தோழன் விட்டுக்கொடுத்தது!

அப்படி விட்டுக்கொடுத்தவனை என்ன செய்தார்கள்? மிசியாக் கரையை நெருங்கும்போது துடுப்பு ஒடிந்து, புதிய துடுப்புக்கு மரம் தேடிக் காட்டுக்குப் போன ஹெர்குலிஸ், தண்ணீர் மொள்ளப் போன தன் பணியாள் இளைஞன் ஹைலஸைக் காணோம் என்று பித்துப் பிடித்தவன் போல் அலைகிறான். கப்பல் அவனை விட்டுவிட்டே கிளம்பிவிட்டது! தெரிந்ததும் கப்பலில் ஒரே ரகளை. தலைவர் என்ன செய்தார்? ஒரு பக்கமும் பேசாமல், மனசுக்குள் குமைந்தபடி உட்கார்ந்திருந்தார்.

அடுத்து, நடுவே போவதை நசுக்கும்படி ஒன்றோடொன்று மோதும் பாறைகள். வழி சொன்னவன் ஃபினியஸ் என்ற குருட்டுக் கிழவன். அவன் சோற்றைப் பறித்த ஹார்ப்பிகள் என்ற சிறகுள்ள அரக்கிகளை விரட்டியவர்கள் ஜீட்டஸ், காலைஸ் என்ற தோழர்கள். பாறைகளுக்கு நடுவே வழி பார்க்கப் புறாவைப் பறக்கவிட்டவன் யூஃபீமஸ். பாறைகள் அறைந்ததில் வால் இறகு மட்டும் போக, புறா தப்பியது. சுக்கான் டிஃபிஸ் கையில். துடுப்புகள் வில்லாக வளைகின்றன. தேவி அதீனா ஒரு தள்ளு தள்ளினாள், ஒப்புக்கொள்கிறேன். கப்பலுக்கும் புறாவைப் போலவே வால் நுனி அலங்காரம் மட்டும் போனது.

பிறகு அந்த டிஃபிஸ் நோயில் இறந்தபோது, "இனி முன்னேயும் போக முடியாது, ஊருக்கும் திரும்ப முடியாது, இங்கேயே கிடந்து மூப்படைய வேண்டியதுதான்" என்று சோர்ந்தவன் ஜேசன். "நான் ஓட்டுகிறேன்" என்று வந்தவன் ஆங்கேயஸ். அந்தக் கை சுக்கான் பிடித்ததால்தான் கருங்கடலின் கோடியில், இன்றைய ஜார்ஜியாக் கரையில், தங்க ஆட்டுத்தோல் இருந்த கொல்கிஸைக் கண்ணால் பார்த்தார்கள்.

திரும்பும் வழியில், பாடியே மாலுமிகளை மயக்கி அழிக்கும் சைரன்களின் பாட்டைத் தோழன் ஆர்ஃபியஸ் தன் யாழால் அமுக்கியதை நீங்களே அறிவீர்கள். பூட்டஸ் ஒருவன் மட்டும் கடலில் குதித்துவிட்டான். எல்லாக் கூட்டத்திலும் அப்படி ஒரு ரசிகர் உண்டு.

மணி அடிக்குமுன் லிபியாவுக்கு வருகிறேன். புயல் கப்பலை மணல் திட்டில் தூக்கிப் போட்டுவிட்டது. தண்ணீர் இல்லை, வழி இல்லை. ஆளுக்கொரு பக்கம் துணியைப் போர்த்திக்கொண்டு சாகப் படுத்துவிட்டார்கள். நண்பகலில் ஜேசனுக்கு மட்டும் தேவதைகள் தோன்றி, "உங்களை வயிற்றில் சுமந்த தாய்க்குக் கைம்மாறு செய்யுங்கள்" என்கிறார்கள். தரிசனம் ஜேசனுக்கு. பொருள் புரிந்ததா? இல்லை. தோழர்களைத்தான் கூப்பிட்டுக் கேட்கிறான். பீலியஸ் சொல்கிறான்: "அந்தத் தாய் நம் கப்பல். இத்தனை நாள் அவள் நம்மைச் சுமந்தாள். இனி நாம் அவளைச் சுமப்போம்."

சுமந்தார்கள்! சாமான் சட்டோடு முழுக் கப்பலையும் தோளில் ஏற்றி, 12 பகல், 12 இரவு, சுடுமணலில் ட்ரைட்டன் ஏரி வரைக்கும். ஜேசனும் தோள் கொடுத்தான், நான் மறுக்கவில்லை. அத்தனை தோள்களில் எது அவனுடையது என்று எதிரணி காட்டட்டும், நான் உட்கார்ந்துவிடுகிறேன்.