அங்கிள் யார்?

வணக்கம் நேயர்களே.

மொழிபெயர்ப்பு வேலையில் என்னை அதிகம் திணறவைத்த சொல் 'அங்கிள்'. கதையின் முதல் பக்கத்திலேயே ஒரு அங்கிள் வந்து கதவைத் தட்டுவார். மாமாவா, சித்தப்பாவா, பெரியப்பாவா? நாற்பது பக்கம் தாண்டினால்தான் துப்புக் கிடைக்கும். சில கதைகளில் கடைசிவரை கிடைக்காது. 'கஸின்' இன்னும் மோசம், ஆணா பெண்ணா என்பதே தெரியாது. உறவுக்குப் பஞ்சம் பிடித்த மொழி என்று அலுத்துக்கொள்வேன்.

அப்படிச் சொன்னது தப்பு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஆங்கிலத்தில் அப்பாவின் சகோதரர் 'ஃபேடெரா', அம்மாவின் சகோதரர் 'ஏஆம்'. அத்தைக்கு 'ஃபாது', அம்மாவின் சகோதரிக்கு 'மோட்ரியெ'. பெரியவரா சின்னவரா என்ற பிரிவு மட்டும்தான் இல்லை. 1066இல், பிரான்சின் வடபகுதியிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அரண்மனைப் பேச்சு பிரெஞ்சாயிற்று. அடுத்த சில நூற்றாண்டுகளில் அங்கிள், ஆன்ட், கஸின், நெஃப்யூ, நீஸ் எல்லாம் அந்த வழியாக வந்து உட்கார்ந்துகொண்டன. ஃபாதர், மதர், பிரதர், சன், டாட்டர் அசையவில்லை. நடுக்கூடம் தப்பியது, திண்ணை பறிபோனது.

இதைவிட வேடிக்கை 'தே'. பண்டம் பாத்திரத்துக்குப் பேர் கடன் வாங்காத மொழி இல்லை. 'அவர்கள்' என்ற சொல்லையே யாராவது கடன் வாங்குவார்களா? ஆங்கிலம் வாங்கியது, ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல்தாண்டி வந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வைக்கிங்குகளிடம். காரணம் இருந்தது. பழைய ஆங்கிலத்தில் 'ஹே' அவன், 'ஹேயோ' அவள், 'ஹீயெ' அவர்கள். பேசிப் பேசித் தேய்ந்து, பல வட்டாரங்களில் இவை ஒன்றுபோலவே ஒலிக்கத் தொடங்கிவிட்டன. யாரைச் சொல்கிறோம் என்று புரியவேண்டாமா?

அப்புறம் 'நீ'. அதற்கு 'தௌ' என்ற சொல் இருந்தது. 'யூ' பன்மை, பிறகு, நம்முடைய 'நீங்கள்' போலவே, மரியாதைச் சொல்லும் ஆயிற்று. 17ஆம் நூற்றாண்டில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், கடவுள் முன் எல்லோரும் சமம் என்று நீதிபதியைக்கூட 'தௌ' போட்டு அழைத்து வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ஊரோ மறுபக்கம் போயிற்று. 'நீ'யைத் தொலைத்து 'நீங்க'ளை வைத்துக்கொண்டது. இன்று ஆங்கிலத்தில் நாய்க்குட்டியும் 'நீங்கள்'தான்.

சரி, அங்கிளுக்கு வருகிறேன். போன வாரம் பேருந்தில் ஒரு பையன், "அங்கிள், கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்றான். அந்தச் சொல்லின் வேர் லத்தீன் 'அவுங்குலுஸ்'. தாய்மாமன் என்று பொருள். சித்தப்பா, பெரியப்பாவுக்கு அங்கே வேறு சொல். வேரைப் பிடித்துப் பார்த்தால், அந்தப் பையனுக்குக் காது குத்தியபோது மடி கொடுத்திருக்க வேண்டியவன் நான். தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்ததோடு சரி.