ஒரே கூலி, இரண்டு கூடை

நேயர்களுக்கு வணக்கம். பக்கத்தில் ஒரு பென்சிலும் துண்டுக் காகிதமும் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குக் கொஞ்சம் கணக்கு இருக்கிறது.

திருவொற்றியூரிலும் வியாசர்பாடி தொழிற்பேட்டையிலும் லேத் பட்டறை, அதாவது இரும்பைக் கடைந்து பாகம் செய்கிற பட்டறை நடத்துகிறவர்களுக்கு இரும்பு ராடு என்ன விலை, லேத் ஓட்டுகிற டர்னருக்கு என்ன கூலி என்பது விரல் நுனியில் இருக்கும். கொட்டேஷன் எழுதும்போதுதான் சறுக்கல் வருகிறது. காரணம் இரண்டு பெயர்கள். ஒன்று பிரைம் காஸ்ட், அதாவது முதன்மைச் செலவு: பொருள், கூலி, அந்த ஆர்டருக்கென்றே போகிற நேரடிச் செலவு. மற்றது கன்வர்ஷன் காஸ்ட், அதாவது உருமாற்றச் செலவு: கூலி, நேரடிச் செலவு, பட்டறையின் பொதுச் செலவான மேற்செலவு. இரண்டையும் கூட்டினால் மொத்த அடக்கம் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது.

ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்வோம். கனரக வண்டிக்கான பின், அதாவது உருளை வடிவ இரும்பு முளை, 30 மில்லிமீட்டர் விட்டம், 150 மில்லிமீட்டர் நீளம், 380 எண்ணம். விலைகள் எல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் பில்லில் இருப்பதை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

32 மில்லிமீட்டர் ராடு வாங்குகிறோம். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்பது தெரியும் என்று பட்டறையில் சின்னப் பையனும் சொல்வான். 1024ஐ 162ஆல் வகுக்க 6.32 கிலோ. ஆறு மீட்டர் ராடில் 150 வீதம் 40 துண்டு என்று மனக்கணக்குப் போட்டால் அங்கேயே முதல் நஷ்டம். பேண்ட்சா என்கிற ரம்பத்தின் வெட்டுக்கும், முனையைச் சமமாக்க முகம் சீவுவதற்கும் 5 மில்லிமீட்டர் போகும். ஆக 155. ஒரு ராடில் 38 துண்டுதான் தேறும், கடைசியில் 110 மில்லிமீட்டர் கட்டை மிஞ்சும். 380 பின்னுக்குப் பத்து ராடு, 379 கிலோ. கிலோ 80 ரூபாய் என்றால் 30,320. வண்டிக்கூலி, ஏற்றுகூலி 600 சேருங்கள். சீவலும் கட்டையுமாக 60 கிலோவைப் பழைய இரும்புக்கு 32 ரூபாய் வீதம் போட்டால் 1,920 கழியும். மூலப்பொருள் நிகரமாக 29,000 ரூபாய். திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய ஜிஎஸ்டியை இதில் சேர்க்கக் கூடாது. அது வரவு, செலவில்லை.

கூலிக்கு வருவோம். ஒரு பின்னுக்கு ஆறு நிமிடம் என்றால் 38 மணி. வேலைக்கு லேத்தைத் தயார் செய்கிற செட்டிங்குக்கு 2 மணி. நாற்பது மணிக்கு 100 ரூபாய் வீதம் 4,000. இந்த நூறு ரூபாய் கையில் கொடுக்கிற சம்பளம் மட்டுமாக இருக்கக் கூடாது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டுகிற பட்டறையானால் முதலாளி பங்கு 12 சதவீதமும் 3.25 சதவீதமும் அதற்குள் அடங்க வேண்டும். போனஸும் அப்படியே. ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டைக் கூலி. வாடிக்கையாளர் அவசரப்படுத்தியதால் வந்த ஓவர்டைம் என்றால், கூடுதலாகப் போன தொகை அந்த ஆர்டரின் தலையில். பொதுவாக வேலை குவிந்ததால் வந்ததென்றால் அந்தக் கூடுதல் மேற்செலவுக்குப் போகும்.

மூன்றாவது, நேரடிச் செலவு. ஹார்டனிங், அதாவது பின்னைச் சூடாக்கிக் கடினமாக்கும் வேலையை வெளியே கொடுக்கிறோம், பின்னுக்கு 10 ரூபாய், 3,800. இந்த ஆர்டருக்கென்றே வாங்கின, அளவு சரிபார்க்கும் கேஜ் 1,200. ஆக 5,000. வெளிநாட்டுப் பாடநூல் பலவற்றில் முதன்மைச் செலவு என்றால் பொருளும் கூலியும் மட்டும்தான். நம் ஊர்ப் பாடத்தில் நேரடிச் செலவும் சேரும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இதில்தான் குழம்புகிறார்கள்.

29,000, 4,000, 5,000. முதன்மைச் செலவு 38,000 ரூபாய். பின் ஒன்றுக்கு நூறு.

இனி மேற்செலவு. ஷெட் வாடகை, கரண்ட், கூலன்ட், வெட்டுமுனை டிப், ஹெல்பர், சூப்பர்வைசர், இயந்திரத் தேய்மானம். மாதம் 60,000 ரூபாய். இரண்டு லேத், 25 நாள், எட்டு மணி: 400 இயந்திர மணி. மணிக்கு 150 ரூபாய். நாற்பது மணிக்கு 6,000.

ராடைப் பின்னாக உருமாற்றப் போன செலவு எது? கூலி 4,000, நேரடிச் செலவு 5,000, மேற்செலவு 6,000. ஆக 15,000. பொருள் 29,000ஐச் சேர்த்தால் மொத்த உற்பத்தி அடக்கம் 44,000. ஆனால் முதன்மையையும் உருமாற்றத்தையும் கூட்டிப் பாருங்கள், 53,000 வரும். கூடுதலாக நிற்கிற 9,000, இரண்டு கூடையிலும் கிடக்கிற கூலியும் நேரடிச் செலவும்தான். அந்தக் கொட்டேஷன் பின்னுக்கு 139 ரூபாய்க்கு மேல் போகும், ஆர்டர் பக்கத்து ஷெட்டுக்குப் போய்விடும்.

எதிர்த்திசைத் தப்பு இன்னும் மோசம். முதன்மைச் செலவு நூறுதானே, 110க்குக் கொடுத்தால் பத்து ரூபாய் லாபம் என்று எழுதுகிறவர் 41,800 வாங்குகிறார். அடக்கம் 44,000. கைநஷ்டம் 2,200. ஆர்டர் கிடைத்த சந்தோஷத்தில் அது தெரிவதேயில்லை, வாடகை கொடுக்கிற நாளில்தான் தெரிகிறது.

பொருளை வாடிக்கையாளரே கொடுத்துவிடும் ஜாப் ஒர்க்கில் உங்களுக்கு வேண்டியது உருமாற்றச் செலவு மட்டும்: பின்னுக்கு சுமார் 39 ரூபாய் 50 காசு. அதற்கு மேல்தான் உங்கள் லாபம். ஒன்றை முதலிலேயே எழுத்தில் பேசிவிடுங்கள்: சீவல் யாருக்கு? உங்களுக்கென்றால் 1,920 ரூபாய் உங்கள் பக்கம். இல்லையென்றால் எடை போட்டுத் திருப்பித் தர வேண்டும்.

வேலை இல்லாத மாதம் இன்னொரு பள்ளம். 60,000இல் 40,000 நிலையானது, 20,000 ஓட்டத்துக்கேற்ப மாறுவது என்று வைத்துக்கொள்வோம். 250 மணிதான் லேத் ஓடியது. மாறுவது 12,500 ஆகும், நிலையானது 40,000 அப்படியே நிற்கும். ஆக 52,500ஐ 250ஆல் வகுத்து மணிக்கு 210 ரூபாய் என்று அடுத்த கொட்டேஷனில் ஏற்றுகிறார்கள். விலை ஏறுகிறது, ஆர்டர் குறைகிறது, மணி இன்னும் குறைகிறது. கையிருப்பை மதிப்பிடுவதற்கான விதியான கணக்கியல் தரநிலை 2 இதற்கு இடம் கொடுப்பதில்லை. நிலையான மேற்செலவை வழக்கமான உற்பத்தித் திறனை வைத்துத்தான் பங்கிட வேண்டும் என்கிறது. விகிதம் 150ஆகவே இருக்கும். சும்மா கிடந்த 150 மணிக்கு 100 ரூபாய் வீதம் 15,000 நேராக அந்த மாத லாப நஷ்டக் கணக்குக்குப் போகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் போல ஒன்று வந்து ராடு துருப்பிடித்தாலும் இதே வழிதான். அசாதாரண நஷ்டத்தை அடுத்து வருகிற பின்னின் விலையில் ஏற்ற முடியாது.

மணலிப் பக்கம் இருக்கிற சுத்திகரிப்பு ஆலை மாதிரி குழாயில் ஓடும் தொழிலில் எந்தக் கூலி எந்த லிட்டருக்கு என்று பிரிக்கவே முடியாது. அங்கே உருமாற்றச் செலவை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவார்கள்.

பட்டறைக்கும் அந்தப் பார்வை வருடக் கணக்கு முடிக்கிற மார்ச் 31 அன்று உதவும். நம் 380 பின்னும் லேத்தில் பாதி முடிந்த நிலையில் நிற்கின்றன, ஹார்டனிங்குக்கு இன்னும் போகவில்லை. பாதி வேலைதானே என்று 44,000இல் பாதி 22,000 எழுதிவிடாதீர்கள். பொருள் முதல் நாளே முழுதாக உள்ளே வந்துவிட்டது. சீவல் வரவையும் முழுதாகவே வைத்துக்கொண்டால் 29,000. கூலியும் மேற்செலவும் பாதி, 5,000. கேஜ் வாங்கியாயிற்று, 1,200. ஹார்டனிங் பூஜ்யம். கையிருப்பு மதிப்பு 35,200. இரண்டுக்கும் இடையே உள்ள 13,200 ரூபாய், அந்த வருடக் கணக்கில் காணாமல் போகிற லாபம்.

வணக்கம்.