மாத்திரை குடுத்தா என் புள்ள மாறிடுவானா?

(திரையில: மேசை மேல பிரிக்காத ஒரு மாத்திரை அட்டை)

டாக்டர் எழுதிக்குடுத்து மூணு வாரம் ஆச்சு, வாங்கியும் வந்தாச்சு, ஆனா அட்டைய இன்னும் பிரிக்கல. ராத்திரி புள்ள தூங்கினதும் போன எடுத்து ஒவ்வொரு சைடு எஃபெக்டா படிக்கறது, படிச்சு முடிச்சு அட்டைய திரும்ப அலமாரிக்குள்ள வைக்கறது. நிறைய வீட்ல இதான் நடக்குது, அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

குடுங்க, குடுக்காதீங்கன்னு நான் சொல்லப்போறதில்ல, அத உங்க புள்ளய நேர்ல பாத்த டாக்டர்தான் சொல்லணும். அந்த பயத்துல எது நியாயம், எது வீணா கெடந்து தவிக்கறதுன்னு மட்டும் பிரிச்சு பாப்போம். பேச்சு முக்கியமா ஏடிஹெச்டி, அதாவது கவனம் நிக்காம, அடங்காத துறுதுறுப்போட இருக்கற நிலை, அதுக்கான மருந்துகள பத்தி.

மொதல்ல ஒரு பழைய கதை. 1937, அமெரிக்காவுல ரோட் ஐலண்ட். நடத்தை பிரச்சனை உள்ள பசங்களுக்கான ஆஸ்பத்திரில சார்லஸ் பிராட்லின்னு ஒரு டாக்டர். ஸ்கேன் எல்லாம் வராத காலம், முதுகுத்தண்டு நீர வெளிய எடுத்துட்டுதான் மூளைய எக்ஸ்ரே பாப்பாங்க, அதுக்கப்புறம் பயங்கரமா தலை வலிக்கும், அந்த வலிக்குன்னு பென்செட்ரின்னு ஒரு ஸ்டிமுலன்ட், அதாவது மூளைய தூண்டிவிடற மருந்து, குடுத்துப் பாத்தாரு. வலி என்னவோ பெருசா போகல, ஆனா 30 பசங்கள்ல கிட்டத்தட்ட பாதி பேரு உக்காந்து ஒழுங்கா பாடம் படிக்க ஆரம்பிச்சிட்டாங்க! பசங்களே அதுக்கு கணக்கு மாத்திரைன்னு பேரு வச்சாங்களாம். இன்னிக்கி அதிகமா எழுதற மெத்தில்ஃபெனிடேட்டும் 1944ல உருவானதுதான். அதனால நம்ம புள்ளைங்கள வச்சுத்தான் டெஸ்ட் பண்றாங்களோங்கற சந்தேகம் வேணாம்.

ஏற்கனவே துறுதுறுன்னு இருக்கறவனுக்கு ஸ்டிமுலன்டா? கேட்டா விசித்திரமாத்தான் இருக்கும். "பொறு, அப்புறம் பண்ணலாம்"னு சொல்ற வேலை மூளையோட முன்பகுதிக்கு, அங்க டோபமின், நாரெபிநெஃப்ரின்னு ரெண்டு ரசாயனம் சேதி கடத்துது, மருந்து அந்த ரெண்டையும் கூடுதலா கொஞ்ச நேரம் அங்க தங்க வைக்குது. மயக்கி உக்கார வைக்கற சமாச்சாரம் இல்ல இது.

இப்ப அந்த பெரிய பயத்துக்கு வருவோம். "சேட்டை போனா போகட்டும், ஆனா அவன் சிரிப்பு போயிடுமா?" இந்த பயம் நியாயமானது. சில புள்ளைங்க மருந்து எடுத்ததும் மந்தமா ஆயிடுதுங்க, பேச்சு கொறஞ்சு ஒரே எடத்துல வெறிச்சு பாத்துட்டு இருக்கும். அப்படி இருந்தா டோஸ் கூடிப்போச்சு, இல்ல அந்த மருந்து ஒத்துக்கலன்னு அர்த்தம், பொறுத்துக்கிட்டு ஓட்டாதீங்க, டாக்டருக்கு சொல்லுங்க. சாதா மெத்தில்ஃபெனிடேட் ஒரு 4 மணி நேரத்துல எறங்கிடும், நீண்ட நேரம் நிக்கற வகைன்னா 8லேர்ந்து 12 மணி நேரம், அதனால ஒத்துக்கலன்னா திரும்பி வர வழி இருக்கு. எனக்கு கடுப்பாகறது வேற ஒண்ணு: வகுப்புல சத்தம் போடாம இருக்கான், அப்ப மருந்து வேலை செய்யுதுன்னு பெரியவங்க திருப்திப்பட்டுக்கறது. சத்தமில்லாம இருக்கறது நமக்கு வசதி, அவ்ளோதான். அவன் நெனச்சத அவனால முடிக்க முடியுதா, கூட்டாளிங்களோட சண்டை இல்லாம விளையாட முடியுதா, அத பாருங்க.

பசி கொறையறது, தூக்கம் தள்ளிப்போறது, தலைவலி, வயித்துவலி, சாயந்தரம் மருந்து எறங்கற நேரத்துல ஒரு எரிச்சல், இதெல்லாம் நெஜமாவே வரும். உயரமும்தான். ஏடிஹெச்டி சிகிச்சைகள ஒப்பிட்டு 1999ல வெளிவந்த எம்டிஏங்கற ஆய்வுல 579 பசங்கள சேத்தாங்க, அவங்கள தொடர்ந்து பாத்தப்ப, விடாம மருந்து எடுத்தவங்க மூணு வருஷத்துல எடுக்காதவங்கள விட ஏறக்குறைய 2 செமீ கம்மியா வளந்திருந்தாங்க. பெருசா சின்னதான்னு நீங்க முடிவு பண்ணுங்க, ஆனா உயரம், எடை, பிபி, நாடித்துடிப்பு இத தவறாம பாக்கற டாக்டரா இருக்கணும். வீட்ல யாருக்காவது சின்ன வயசுல திடீர்னு இதயம் நின்னு போயிருந்தா, இல்ல புள்ளயே ஓடும்போது மயங்கி விழுந்திருந்தா, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடணும்.

போதைக்கு அடிமையாயிடுவானா? டாக்டர் சொன்ன அளவுல எடுத்த பசங்க பின்னாடி போதைக்கு அதிகமா போனதா ஆய்வுகள் காட்டல. ஆனா டீன் ஏஜ் வந்துட்டா டப்பா உங்க கையில இருக்கட்டும், கூட்டாளிக்கு ஒண்ணு குடுத்துப் பாக்கற வயசு அது.

கோவம், அடிதடின்னு ரிஸ்பெரிடோன் எழுதியிருந்தா அது முழுக்க வேற ரகம், எடையும் சர்க்கரையும் ஏறுதான்னு பாத்துக்கிட்டே இருக்கணும். ஸ்டிமுலன்ட் இல்லாத ஏடிஹெச்டி மருந்துகளும் இருக்கு. அதுல குளோனிடின், குவான்ஃபசின் இத நீங்களா பட்டுனு நிறுத்தக்கூடாது, பிபி எகிறும். அட்டோமாக்செட்டின் வேலை காட்டவே சில வாரம் ஆகும், மூணாம் நாளே ஒண்ணும் ஆகலன்னு விட்றாதீங்க. 6 வயசுக்கு கீழன்னா பெரும்பாலும் மொதல்ல அம்மா அப்பாவுக்கான நடத்தை பயிற்சிதான், மாத்திரை அப்புறம்.

ஆரம்பிக்கறதுன்னு முடிவானா, அதுக்கு முந்தின வாரமே நோட்டுல ரெண்டே விஷயம் எழுதுங்க: ஹோம்வொர்க்குக்கு உக்கார எவ்ளோ நேரம் ஆகுது, வாரத்துல எத்தன சண்டை. அதே ரெண்டையும் ஆரம்பிச்ச பின்னாடியும் எழுதுங்க. "பரவால்ல போல இருக்கு"ன்னு சொல்றத விட அந்த பக்கத்த காட்டினா டாக்டருக்கு டோஸ் முடிவு பண்ண ரொம்ப உதவும்.

(திரையில: அட்டை பிரிச்சிருக்கு, பக்கத்துல நோட்டு)

புள்ளகிட்ட வைட்டமின்னு பொய் சொல்லாதீங்க, ஒருநாள் அட்டைய அவனே படிப்பான். இன்னொண்ணு, தங்கச்சி அவன் படத்த கிழிச்சிட்டான்னு அவன் கத்துவான், அப்ப நம்ம வாயில தானா வரும், "இன்னிக்கி மாத்திரை போட்டியா?" அத மட்டும் கேக்காதீங்க. அவன் படத்ததான் கிழிச்சிருக்கா, யாரா இருந்தாலும் கத்துவாங்க.